டிகிரி முடித்த வெளிநாட்டவர் நான்கே வருடத்தில் டாக்டராக முடியுமா?

கேட்டவர் பி.எஸ்சி. முடித்து இரண்டு வருடம் வேலை பார்த்திருக்கிறார். இனிமேல் முதலிலிருந்து ஐந்தாறு வருடம் உட்கார்ந்து மருத்துவம் படிக்கப் பொறுமை இல்லையாம். பட்டதாரிகளுக்கென்று வெளிநாடுகளில் நான்கு வருடப் படிப்பு இருக்கிறதாமே, அதில் சேரலாமா என்கிறார்.

இருக்கிறது. நான் படித்ததே அதில்தான். நுண்ணுயிரியல் பட்டம், பரிசோதனைக்கூடத்தில் மூன்று வருட வேலை, அப்புறம் அயர்லாந்தில் நான்கு வருடம். 'நான்கு' என்ற எண்ணைப் பார்த்து மயங்கியவர்களில் நானும் ஒருவன். படிப்பு நான்கு வருடம்தான், டாக்டராக வேலை பார்ப்பதற்கு அது மட்டும் போதாது. எந்த நாட்டில் வேலை பார்க்கப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்துகொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வாருங்கள். கல்லூரித் தேர்வு அதற்குப் பிறகு.

பிரிட்டனில் இதற்கு 'கிராஜுவேட் என்ட்ரி' என்று பெயர். வாரிக், ஸ்வான்சி ஆகிய இரண்டு பல்கலைக்கழகங்களும் பட்டதாரிகளுக்காகவே நான்கு வருடப் படிப்பு நடத்துகின்றன. ஆனால் வெளிநாட்டவருக்கு வாசல் குறுகல். இங்கிலாந்தில் மருத்துவ இடங்களில் ஏறத்தாழ 7.5 சதவீதம்தான் வெளிநாட்டவருக்கு என்று வரம்பு உண்டு. ஸ்காட்லாந்தின் 'ஸ்காட்ஜெம்' என்ற இதே வகைப் படிப்பு வெளிநாட்டவரைச் சேர்ப்பதே இல்லை. எனக்கு ஒரு ஏஜென்ட் கொடுத்த பட்டியலில் பாதி இப்படிப்பட்டவைதான். கட்டணம் கட்டிய பிறகு நானே ஒவ்வொரு கல்லூரிப் பக்கமாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் அக்டோபர் 15, அதுவும் அதிகபட்சம் நான்கு கல்லூரிகளுக்கு. மற்ற பாடங்களைப் போல ஜனவரி வரை நேரம் இருக்கிறது என்று நினைத்து ஒரு வருடத்தைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும்.

அயர்லாந்தில் இந்தப் படிப்பு உள்ள கல்லூரிகள்: லிமெரிக், டப்ளினில் ஆர்.சி.எஸ்.ஐ., யு.சி.டி., அப்புறம் கார்க். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்கள் நேரடியாகக் கல்லூரிக்கே விண்ணப்பிக்கலாம். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன், சிட்னி, ஃபிளிண்டர்ஸ் என்று பட்டியல் நீளும். வெளிநாட்டவரையும் எடுக்கிறார்கள், முழுக் கட்டணம் வாங்கிக்கொண்டு. சிங்கப்பூரின் டியூக்-என்.யு.எஸ். மருத்துவக் கல்லூரியின் பாட அமைப்பு எனக்குப் பிடித்தது. அடிப்படை அறிவியல் முழுவதையும் முதல் வருடத்திலேயே முடித்துவிட்டு, இரண்டாம் வருடமே வார்டுக்கு அனுப்பிவிடுவார்கள்; மூன்றாம் வருடம் ஆராய்ச்சிக்கு. படித்து முடித்ததும் சில வருடங்கள் அங்கேயே வேலை பார்க்க வேண்டும் என்ற ஒப்பந்தம் உண்டு, கையெழுத்துக்கு முன் அதை நிதானமாகப் படியுங்கள்.

அமெரிக்காவில் நான்கு வருட எம்.டி.தான் வழக்கமான படிப்பே (அங்கே அடிப்படை மருத்துவப் பட்டத்துக்கே அந்தப் பெயர்), அதைத் துரிதம் என்று யாரும் சொல்வதில்லை. கனடாவில் மெக்மாஸ்டரும் கால்கரியும் மூன்றே வருடத்தில் முடிக்கின்றன. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் கனடாவின் பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் வெளிநாட்டவரைச் சேர்ப்பதில்லை.

நுழைவுத் தேர்வில் நான் வாங்கிய அடியைச் சொல்லியாக வேண்டும். பட்டதாரிகளுக்கான மருத்துவ நுழைவுத் தேர்வான காம்சாட் மார்ச், செப்டம்பர் என்று வருடத்துக்கு இரண்டு முறை நடக்கும். அறிவியல் பகுதியில் உயிரியல் 40, வேதியியல் 40, இயற்பியல் 20 சதவீதம். நுண்ணுயிரியல் படித்தவனுக்கு இது போதாதா என்ற தெனாவட்டில் போனேன். முதல் பகுதியில் ஒரு கார்ட்டூன். அதில் என்ன நகைச்சுவை என்றே புரியவில்லை, அதற்குக் கீழே அதைப் பற்றிக் கேள்விகள் வேறு. அடுத்து எழுத்துப் பகுதி: 65 நிமிடத்தில் இரண்டு கட்டுரைகள். முதல் கட்டுரையை அழகுபடுத்துவதிலேயே முக்கால் மணி நேரம் போய்விட்டது. இரண்டாவது பாதியில் நின்றது, மதிப்பெண்ணும் அப்படியே. அடுத்த முறைக்கு நான் அறிவியல் புத்தகத்தைத் தொடவே இல்லை. தினமும் காலையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு அரை மணி நேரத்துக்கு ஒரு கட்டுரை எழுதினேன், அவ்வளவுதான். அமெரிக்க எம்கேட் தேர்வில் கட்டுரை கிடையாது. அயர்லாந்து, ஆஸ்திரேலியக் கல்லூரிகள் பலவும் வெளிநாட்டவரிடம் எம்கேட் மதிப்பெண்ணை ஏற்கின்றன. எழுத்து வராதவர்கள் அந்தப் பக்கம் பார்க்கலாம்.

சரி, உள்ளே போனால் எப்படி இருக்கும்? உடற்கூறியல் கூடத்தில் எங்கள் மேசையில் ஒரு இசை ஆசிரியை, ஒரு மருந்தாளுநர், ஒரு பிசியோதெரபிஸ்ட், நான். இரண்டாவது வாரம் கைக்குப் போகும் நரம்புப் பின்னல். பிசியோதெரபிஸ்ட் கையுறை டப்பாவைக் கவிழ்த்து அதன் அடியில் பேனாவால் வரைந்தார்: ஐந்து வேர், மூன்று தண்டு, ஆறு பிரிவு, மூன்று நாண், ஐந்து கிளை. எங்களுக்கு ஒரு மதியம் முழுக்கப் பிடித்தது அவருக்கு ஒரு நிமிடம். ஆனால் அந்த முன்னிலையெல்லாம் கிறிஸ்துமஸ் விடுமுறை வரைதான். முதல் வருடத் தேர்வில் எங்கள் மேசையில் அதிகம் வாங்கியது இசை ஆசிரியை. சம்பந்தப்பட்ட டிகிரி இல்லையே என்று யாரும் தயங்க வேண்டாம், கல்லூரி ஏற்றுக்கொண்டால் போதும். ஐந்து வருடத்தை நான்காக்குவது மந்திரம் ஒன்றும் இல்லை, விடுமுறையைத்தான் வெட்டுகிறார்கள். பகுதி நேர வேலை பார்த்துச் செலவைச் சமாளிக்கலாம் என்ற கணக்கு முதல் மாதத்திலேயே படுத்துவிடும்.

இனிப் பின்னோக்கி எண்ணும் விஷயம். பட்டம் கையில் வந்த அன்று நீங்கள் முழு டாக்டர் இல்லை. பிரிட்டனில் ஒரு வருடப் பயிற்சி முடிந்தால்தான் டாக்டராக முழுப் பதிவு. ஆஸ்திரேலியாவிலும் ஒரு வருட இண்டர்ன்ஷிப், வெளிநாட்டு மாணவருக்கு அந்த இடம் உறுதியில்லை; உள்ளூர் மாணவர்களுக்குக் கொடுத்தது போகத்தான் அவர்கள் முறை. சொந்த நாட்டுக்குத் திரும்புவதாக இருந்தால் அந்த நாட்டு மருத்துவக் கவுன்சில் என்ன கேட்கிறது என்று பாருங்கள். உதாரணமாக இந்தியாவின் 2021ஆம் வருட விதிப்படி வெளிநாட்டுப் படிப்பு குறைந்தது 54 மாதங்கள் இருக்க வேண்டும், 12 மாத இண்டர்ன்ஷிப் தனி. நான்கு வருடம் என்பது 48 மாதம். அந்த ஆறு மாதக் குறை, வருடக்கணக்கில் கட்டிய பணத்தையெல்லாம் வீணாக்கிவிடக்கூடியது.

விண்ணப்பத்துக்குப் பணம் கட்டும் முன் கல்லூரிக்கு ஒரே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: போன வருடம் முடித்த வெளிநாட்டு மாணவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்கு இந்த நாட்டிலேயே பயிற்சி இடம் கிடைத்தது? சில கல்லூரிகள் இரண்டு எண்களையும் மறுநாளே அனுப்பின. ஒரு கல்லூரி எனக்கு வளாகத்தின் வண்ணப் படங்கள் போட்ட கையேட்டை அனுப்பியது. அங்கே நான் விண்ணப்பிக்கவில்லை.