தலையில் அடிபட்டுப் பிழைத்து வந்த என் கணவர் வேறு ஆளாக மாறிவிட்டார். இது சரியாகுமா? வீட்டில் எப்படிச் சமாளிப்பது?

‘கை கால் எல்லாம் நன்றாக இருக்கிறது, அதனால் நான் சொல்வதை யாரும் நம்பவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதில். பைக் விபத்து நடந்து ஏழு மாதம் ஆகிறது, எதற்கெடுத்தாலும் கத்துகிறார், வேலைக்குப் போவதில்லை, மாமியார் உங்களைத்தான் குறை சொல்கிறார் என்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. திருவட்டாறு பக்கம் ரப்பர் பால் வெட்டி ஷீட் அடிக்கிற குடும்பம். என் அண்ணனுக்கு இதே கதை, அதில் முதல் இரண்டு வருஷம் நாங்கள் செய்ததெல்லாம் தப்பு.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டாம். எங்கள் தோட்டத்தில் பாதி மரம் சாய்ந்துவிட்டது. மறுவாரம் அதை வெட்டி ஒதுக்கும்போது, மேலே முறிந்து தொங்கிக்கொண்டிருந்த கிளை ஒன்று அண்ணன் நெற்றிக்கு மேலே வந்து விழுந்தது. திருவனந்தபுரத்துக்குக் கொண்டு போனோம். மூளையின் முன்பக்கம் கன்றிப் போயிருக்கிறது, ஆபரேஷன் வேண்டாம் என்றார்கள். ‘ஜிசிஎஸ் 9’ என்று சீட்டில் எழுதியிருந்தது. கண் திறப்பு, பேச்சு, கை கால் அசைவு மூன்றையும் பார்த்து 3 முதல் 15 வரை போடுகிற மார்க் அது; 1974ல் கிளாஸ்கோவில் இரண்டு டாக்டர்கள் உண்டாக்கிய முறை. 8 அல்லது அதற்குக் கீழே வந்தால் கடுமையான அடி. 9 என்றதும் அப்பாடா என்று இருந்தது. மார்க் அன்றைய நிலையைச் சொல்லும், இரண்டு வருஷம் கழித்து ஆள் எப்படி இருப்பான் என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

டிஸ்சார்ஜ் செய்யும்போது தையல், வலிப்பு மாத்திரை, ரெஸ்ட், இவ்வளவுதான் சொன்னார்கள். குணம் மாறும் என்று ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அப்போது குளச்சலில் இருந்து தூத்தூர் வரைக்கும் கடலுக்குப் போன ஆட்கள் திரும்பாமல் வீடு வீடாக அழுதுகொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டு ஆள் நடந்து வந்து படியேறினான். அதற்குப் பிறகு குறை சொல்ல யாருக்கு வாய் வரும்?

முதல் சண்டை பக்கத்துத் தோட்டக்காரரோடு. அண்ணனுக்கு அந்த ஒரு மாசமே ஞாபகத்தில் இல்லை, புயலும் சேர்ந்து போய்விட்டது. அவன் கணக்கில் நேற்று வரை நின்ற மரம் இன்றைக்கு இல்லை. ‘எவன்டே நம்ம மரத்த வெட்டி வித்தது?’ என்று என்னைக் கேட்டான். புயல் என்றேன். அன்றைக்குச் சரி என்றவன், மறுநாள் காலையில் பக்கத்துக்காரர் வீட்டு முற்றத்தில் நின்று கத்துகிறான், அவர் மரத்தை லாரியில் ஏற்றியதைத் தன் கண்ணால் பார்த்ததாக. நாங்கள் பொய் சொல்கிறான் என்று நினைத்தோம். பொய் இல்லை. ஞாபகத்தில் ஓட்டை விழுந்த இடத்தை மூளையே ஏதாவது ஒரு கதையால் அடைத்துவிடும், அவனுக்கு அது நடந்த விஷயம். இதை நாகர்கோவிலில் ஒரு மனநல டாக்டர் எங்களுக்கு விளக்கியபோது பக்கத்துக்காரர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் பேச்சு நின்று ஒரு வருஷம் ஆகியிருந்தது.

அந்த டாக்டர் சொன்ன இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ‘ஸ்கேன் நார்மல்தானே’ என்கிற ஆட்களுக்குப் பதில் சொல்ல உதவும். மண்டையோட்டின் உள்பக்கம் எல்லா இடத்திலும் வழவழப்பாக இருக்காது. கண்குழிக்கு மேலே, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் எலும்பு கரடுமுரடு. அடி பின்மண்டையில் விழுந்தாலும் மூளை குலுங்கி முன்னால் வந்து அங்கேதான் உரசும், காதுக்கு முன்னால் இருக்கும் பொட்டுப் பக்கமும் அப்படித்தான். கோபத்தை அடக்குவது, பேசலாமா கூடாதா என்று யோசிப்பது, ஒரு வேலையைத் தானாக ஆரம்பிப்பது எல்லாம் அந்த முன்பக்கத்தின் பொறுப்பு. வண்டியில் பிரேக்கும் செல்ஃப் ஸ்டார்ட்டும் ஒரே நேரத்தில் கெட்டுப்போன மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுபோக, குலுக்கத்தில் உள்ளே இழை இழையாக நரம்பு இழுபட்டிருந்தால் அது சாதாரண சிடி ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது.

பிரேக் போனது ஊருக்கே தெரிந்தது. கல்யாண வீட்டில், பந்தியில் உட்கார்ந்துகொண்டு, பெண்ணின் உடம்பைப் பற்றி எல்லார் காதிலும் விழுகிற மாதிரி ஒன்று சொன்னான். மைனி (அண்ணன் மனைவி) பாதிச் சாப்பாட்டில் எழும்பிப் போய்விட்டார். செல்ஃப் போனதை மட்டும் யாரும் நோய் என்றே நினைக்கவில்லை. காலையில் திண்ணையில் உட்கார்ந்தால் மத்தியானம் வரை அங்கேதான். குளி என்றால் ‘ம்’ என்பான், அசைய மாட்டான். அம்மா ‘எழும்பு மக்கா’ என்று கெஞ்சி, அப்புறம் திட்டி, கடைசியில் அழுவார். ஊரில் சோம்பேறி என்றார்கள், சம்பாதிக்கிற பெண்டாட்டி கிடைத்த திமிர் என்றார்கள், ஒரு சொந்தக்காரர் செய்வினை என்று மந்திரவாதியைக் கூட்டி வந்து ஒரு சேவலும் போயிற்று. செய்ய மாட்டேன் என்கிறவனும் செய்ய முடியாதவனும் திண்ணையில் ஒரே மாதிரிதான் உட்கார்ந்திருப்பார்கள். எங்களுக்கு வித்தியாசம் பிடிபட்டது எப்படி என்றால், ‘குளி’ என்பதை விட்டுவிட்டு ‘எழும்பு’, எழும்பியதும் ‘துண்டை எடு’, எடுத்ததும் ‘கிணற்றடிக்கு வா’ என்று மைனி ஒவ்வொன்றாகச் சொன்னபோது அவன் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் போய்க் குளித்தான். திமிர் பிடித்தவன் அப்படிப் போவானா?

மீன் கறி விஷயம் தனி. எங்கள் வீட்டில் சாளைக் கறியும் மரச்சீனிக் கிழங்கும் இல்லாமல் வாரம் போகாது. வந்த நாளில் இருந்து ‘கறியில ஒரு ருசியும் இல்ல’ என்று சட்டியைத் தள்ளுவான், மைனி மேல் எரிந்து விழுவான். எவ்வளவு புளியும் மிளகாயும் கூட்டினாலும் அதே பேச்சு. அந்த டாக்டர் ஒரு காபித்தூள் பாக்கெட்டை அவன் மூக்கருகே பிடித்து, கண்ணை மூடச் சொல்லி, என்னது என்று கேட்டார். ஒன்றும் தெரியவில்லை. மூக்குக்கு மேலே சல்லடை மாதிரி ஓட்டையுள்ள மெல்லிய எலும்பு ஒன்று உண்டாம், மோப்ப நரம்பு அதன் வழியாகத்தான் மேலே போகிறது, தலை குலுங்கும்போது அங்கே அறுந்துவிடலாம். ருசி என்று நாம் நினைப்பதில் பெரும்பங்கு வாசனைதான். இரண்டு வருஷம் மைனி சமையலைத் திருத்திக்கொண்டிருந்தார்! ஷீட்டைப் புகையில் காய வைக்கிற புகைப்புரையில் பிறந்து வளர்ந்தவனுக்கு ஷீட் வாசனையே கிடையாது என்பதை அவன்கூடச் சொல்லத் தெரியாமல் இருந்திருக்கிறான். உங்கள் வீட்டிலும் இதைச் சோதித்துப் பாருங்கள். கேஸ் லீக் ஆனால் தெரியாது, ஊசிப்போன கறியும் தெரியாது, அதனால் தனியாக அடுப்படியில் விடாதீர்கள்.

கோபத்துக்கு ஒரு காரணம் மாத்திரையாகவும் இருக்கலாம். வலிப்புக்குக் கொடுக்கிற லெவெடிரசெட்டம் சிலருக்கு எரிச்சலையும் கோபத்தையும் கிளப்பிவிடும். அண்ணனுக்கு அதை மாற்றிய பிறகு கொஞ்சம் தணிந்தது. ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு வந்தால் கதையே வேறு. அதேபோல் சாராயம், பீர், எதுவாக இருந்தாலும் அடிபட்ட மூளைக்கு ஆகாது. முன்பு குடித்ததைவிடக் குறைவாகக் குடித்தாலே நிலை தவறுவார்கள், வலிப்பும் வரலாம். ‘ஒரு கட்டிங் போட்டா மனசு லேசாகும்’ என்று கூட்டிப் போகிற நண்பர்தான் முதல் எதிரி. (அப்படி ஒருத்தர் எங்களுக்கும் இருந்தார். ஆறு மாசத்தில் மற்ற நண்பர்கள் எல்லாம் நின்றுபோன பிறகும் இவர் மட்டும் வந்துகொண்டிருந்தார், அதனால் விரட்டவும் மனசு வரவில்லை.)

சரியாகுமா என்று கேட்டீர்கள். முதல் ஆறு மாசத்தில் வேகமாகத் தேறும், அப்புறம் ஒன்றிரண்டு வருஷம் மெதுவாக, அதற்குப் பிறகும் சிறிது சிறிதாக மாற்றம் உண்டு. பழைய ஆள் அப்படியே திரும்பி வருவார் என்று நான் சொல்ல மாட்டேன். இந்த விஷயத்தில் எல்லாரும் சொல்கிற கதை ஒன்று உண்டு. 1848ல் அமெரிக்காவில் பினியஸ் கேஜ் என்கிற ரயில்பாதை மேஸ்திரிக்கு, வெடிமருந்து இடிக்கிற கம்பி கன்னத்துக்குள் புகுந்து உச்சந்தலை வழியாக வெளியே போனது. பிழைத்துவிட்டார், ஆனால் ‘அவர் இப்போது கேஜே இல்லை’ என்றார்கள் கூட்டாளிகள். மூளையில் அடிபட்டால் குணம் கெடும் என்பதற்கு உதாரணமாக இதோடு நிறுத்திவிடுவார்கள். மிச்சக் கதை எனக்குப் பிடிக்கும். அவர் பிறகு சிலி நாட்டுக்குப் போய்ப் பல வருஷம் குதிரை வண்டி ஓட்டியிருக்கிறார். தினமும் அதே நேரம், அதே குதிரை, அதே பாதை. அந்த ஒழுங்குதான் அவரைத் தூக்கி நிறுத்தியது என்று இப்போது சில ஆராய்ச்சியாளர்கள் நினைக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் நடந்ததும் கிட்டத்தட்ட அதுதான். அண்ணனை மறுபடி பால் வெட்ட விட்டுப் பார்த்தோம், கத்தி ஆழமாக இறங்கி மரத்தைக் காயப்படுத்தினான். பட்டையில் எவ்வளவு இறக்குவது என்பது ஒவ்வொரு மரத்திலும் யோசிக்க வேண்டிய கணக்கு. ஆனால் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பால் பொறுக்குவது, சிரட்டை கழுவிக் கவிழ்ப்பது, ஷீட்டைக் கொடியில் விரிப்பது, இதே வரிசையில் தினமும் என்றால் செய்கிறான். சுவரில் கரியால் பெரிதாக வரிசை எழுதி வைத்திருக்கிறோம். மத்தியானம் இரண்டு மணி நேரம் கட்டாயத் தூக்கம், ஏனென்றால் அசதி வந்தால்தான் அவனுக்குக் கோபம் வரும், சாயங்காலக் கத்தலில் பாதி அந்த அசதிதான். கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் முதல் பந்தி, ஸ்பீக்கர் அலறுவதற்கு முன்னால் திரும்பிவிடுவோம். ஏடிஎம் கார்டு மைனியிடம், அவன் கையில் நாளுக்கு 100 ரூபாய். இதற்கு முன்னால் தவணையில் மூன்று போன் வாங்கி வந்தவன். கோபம் ஏறினால் ஒருத்தரும் நியாயம் பேசுவதில்லை, எதிரில் இருப்பவர் தோட்டத்துக்குப் போய்விடுவார், கால் மணி நேரத்தில் அவனுக்கே மறந்துவிடும். நமக்கு மறக்காது, அது வேறு.

மைனியைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் உங்களுக்குப் பதில் சொன்னதாகாது. ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னார், ‘செத்துப் போயிருந்தா நாலு பேரு வந்து எனக்கு ஆறுதல் சொல்லியிருப்பாங்க தம்பி.’ எனக்குக் கோபம் வந்தது, அண்ணனைச் சாகச் சொல்கிறாரே என்று. அவர் சொன்னது அது இல்லை என்று புரிய எனக்கு நாளானது. கட்டிக்கொண்டவர் போய்விட்டார், அதே முகத்தோடு வேறு ஒருத்தர் கூடத்தில் உட்கார்ந்து மகளோடு டிவி ரிமோட்டுக்குச் சண்டை போடுகிறார், இதற்கு அழவும் முடியாது, அழுதால் நன்றி கெட்டவள். நீங்கள் அழுதால் அது தப்பில்லை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். மாதத்தில் இரண்டு நாள் நான் அண்ணனைப் பார்த்துக்கொள்ள மைனி கருங்கலில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விடுவார், அதற்கும் ஊர் பேசியது, பேசட்டும். இன்னொன்று: கை ஓங்கினால், அடித்தால், ‘மூளை அடிபட்டவர்’ என்று பொறுத்துக்கொண்டு நிற்காதீர்கள். குழந்தையைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டு, அப்புறம் டாக்டரிடம் பேசலாம்.

ஒன்றில் கவனமாக இருங்கள். ஆரம்பத்தில் இவர்களுக்குத் தன்னிடம் மாற்றம் இருப்பதே தெரியாது. தெரிய ஆரம்பிக்கும்போது மனசு உடையும். அண்ணன் மூன்றாவது வருஷம் கத்துவதைக் குறைத்தான், நாங்கள் சந்தோஷப்பட்டோம், அவன் ராத்திரி தூங்காமல் ‘நான் எதுக்குடே இருக்கேன்’ என்று கேட்க ஆரம்பித்தபோதுதான் உறைத்தது. அப்படிப் பேச்சு வந்தால் தள்ளிப்போடாமல் மனநல டாக்டரிடம் போங்கள். 14416 டெலி மனஸ் என்கிற மனநல ஆலோசனைக்கான அரசு இலவச எண், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், நீங்கள் உங்களுக்காகவும் கூப்பிடலாம்.

டாக்டரிடம் போகும்போது இப்படிச் செய்யுங்கள். இன்றைக்கே ஒரு நோட்டு வாங்கி, என்றைக்கு, எத்தனை மணிக்கு, என்ன நடந்தது, அதற்கு முன்னால் தூங்கினாரா சாப்பிட்டாரா, இதை மட்டும் எழுதுங்கள், உங்கள் வருத்தத்தை எழுத வேண்டாம். டாக்டர் முன்னால் பத்து நிமிஷம் இவர்கள் நல்ல பிள்ளையாக உட்கார்ந்து ‘ஒண்ணுமில்ல சார், நல்லா இருக்கேன்’ என்பார்கள், அண்ணன் அதில் எங்கள் எல்லாரையும் முட்டாளாக்கியிருக்கிறான். அதனால் அவரை வெளியே மாமியாரோடு உட்கார வைத்துவிட்டு, நோட்டோடு நீங்கள் முதலில் தனியாக உள்ளே போங்கள். அடுத்த முறை மாமியாரையும் உள்ளே கூட்டிப் போங்கள், டாக்டர் வாயால் கேட்கட்டும்.