அப்டேட் வந்தது, செய்த வேலை போனது: வேர்ட்பிரஸ் கேள்வி பதில்

வாடிக்கையாளர்களின் தேவைக்கேற்ப, வேர்ட்பிரஸ், ட்ரூபல் என்ற இணையதள மென்பொருள்களில் இயங்கும் தளங்களைத் திருத்தி அமைத்துத் தருவதுதான் என் தொழில். இதே தொழிலில் இருப்பவர்கள் மனம் நொந்து கேட்ட கேள்விகள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, வாடிக்கையாளர் கேட்ட மாற்றங்களை, தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் தீமின் கோப்புகளிலேயே நேரடியாகச் செய்தேன். நேற்று தீம் அப்டேட் ஆனதும் மூன்று வார வேலை மறைந்துவிட்டது. மீட்க வழி உண்டா?

பதில்: முதலில் ஹோஸ்டிங் நிறுவனத்திடம் பேக்கப் கேளுங்கள். பழைய பிரதிகளைச் சில நாட்களில் அழித்துவிடுவார்கள் என்பதால் இன்றே கேளுங்கள். பிரதி கிடைத்ததும், அந்தத் தீமின் அதே பதிப்பைப் புதிதாக இறக்கி, இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள். வேறுபடும் வரிகள்தான் உங்கள் உழைப்பு. என் அனுபவத்தில் அவை நாம் பயந்ததைவிடக் குறைவாகவே இருக்கும்.

அவற்றைப் பழைய இடத்திலேயே மீண்டும் ஒட்டிவிடாதீர்கள். தீமின் கோப்புறையை மொத்தமாக நீக்கிவிட்டுப் புதியதை வைப்பதுதான் அப்டேட். அடுத்த முறையும் இதுவே நடக்கும். மூலத் தீமைச் சார்ந்து இயங்கும் தனிக் கோப்புறையான சைல்டு தீம் ஒன்றை உருவாக்கி, திருத்த வேண்டிய வார்ப்புருக்களை (பக்கங்களின் அமைப்பைச் சொல்லும் கோப்புகள்) மட்டும் அதில் வையுங்கள். ஒரே பெயரில் இரண்டு இடத்திலும் கோப்பு இருந்தால் வேர்ட்பிரஸ் சைல்டு தீமில் இருப்பதையே எடுத்துக்கொள்ளும். தீமின் செயல்பாடுகளுக்கான நிரல் இருக்கும் ஃபங்ஷன்ஸ் கோப்பு மட்டும் விதிவிலக்கு. அது மூலத் தீமின் கோப்பை மாற்றீடு செய்யாது. இரண்டுமே ஏற்றப்படும், சைல்டு தீமுடையது முதலில். இது தெரியாமல் மூலத்தின் ஃபங்ஷன்ஸ் கோப்பை முழுவதும் நகலெடுத்து வைத்துவிட்டு, ஒரே நிரல் இருமுறை வந்து மோதியதில் தளம் வெள்ளைத் திரையாக நிற்பதைப் பார்த்துத் திகைத்தவர்கள் பலர்.

ஆனால் சைல்டு தீமும் முழுப் பாதுகாப்பு அல்ல. நகலெடுத்த நாளிலேயே அந்தக் கோப்பு உறைந்துவிடுகிறது. மூலத்தில் பின்னர் வரும் பாதுகாப்புத் திருத்தம் உங்கள் நகலுக்கு வராது. ஆகவே ஹூக் (மூலக் கோப்பைத் தொடாமல் நம் நிரலைச் செருக விடப்பட்டிருக்கும் இடம்) மூலம் முடியக்கூடிய மாற்றத்துக்குக் கோப்பை நகலெடுக்காதீர்கள். தோற்றத்தோடு தொடர்பில்லாத வேலை எதுவானாலும் அதைச் சிறு பிளகினாக (தளத்தில் தனியாகச் சேர்க்கும் துணை நிரல்) எழுதுங்கள். நாளை வாடிக்கையாளர் வேறு தீமுக்கே மாறினாலும் அது பிழைத்திருக்கும்.

கேள்வி: இணையக் கடைக்கான பிளகினான வூகாமர்ஸ் அப்டேட் ஆன பிறகு, நான் திருத்திய பணம் செலுத்தும் பக்கம் மட்டும் உடைந்து கிடக்கிறது. ஏன்?

பதில்: மேலே சொன்ன உறைந்த நகல்தான் காரணமாக இருக்கும். வூகாமர்ஸின் நிலை அறிக்கைப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். காலாவதியான வார்ப்புருக்களை அது பெயர் சொல்லியே காட்டும். புதிய மூலக் கோப்பை எடுத்து, உங்கள் திருத்தத்தை மறுபடி அதில் செய்யுங்கள்.

கேள்வி: "இலவச மென்பொருள்தானே, சின்ன மாற்றம்தானே, இதற்கு ஏன் இவ்வளவு கட்டணம்?" என்று வாடிக்கையாளர் கேட்கிறார். என்ன பதில் சொல்வது?

பதில்: இந்தக் கேள்வி எனக்கும் பல இரவுத் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. இதில் இரண்டு குழப்பங்கள் கலந்திருக்கின்றன. தனித்தனியாகப் பிரித்துப் பேசுங்கள்.

முதலாவது "இலவசம்". நிரலை யாரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், பகிரலாம் என்னும் வேர்ட்பிரஸின் ஜி.பி.எல். உரிமம் விலையைப் பற்றியது அல்ல, உரிமையைப் பற்றியது. பி2 என்ற வலைப்பதிவு மென்பொருளின் வளர்ச்சி நின்றுபோனபோது, மேட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் அதன் நிரலை எடுத்து வளர்த்து, 2003 மே மாதம் வேர்ட்பிரஸாக வெளியிட்டார்கள். அதற்கு வழிவிட்டது அந்த உரிமம்தான். அதே உரிமை உங்கள் வாடிக்கையாளருக்கும் இருக்கிறது: உங்களைப் பிடிக்காவிட்டால் தளத்தை அப்படியே எடுத்துக்கொண்டு இன்னொருவரிடம் போகலாம். இதை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். அவர் கட்டணம் கொடுப்பது உங்கள் நேரத்துக்கு.

இரண்டாவது "சின்ன". பதிவுப் படிவத்தில் ஒரு கட்டம் கூட்ட வேண்டும் என்பார். திரையில் ஒரு கட்டம்தான். ஆனால் அதில் தவறாக நிரப்பினால் எச்சரிக்க வேண்டும், தரவுத்தளத்தில் சேமிக்க வேண்டும், போகும் மின்னஞ்சலில் காட்ட வேண்டும், நிர்வாகப் பட்டியலில் சேர்க்க வேண்டும், ஏற்றுமதிக் கோப்பில் கொண்டுவர வேண்டும், அந்தக் கட்டம் இல்லாத பழைய பதிவுகளுக்கு என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டும். இந்தப் பட்டியலை விலை சொல்வதற்கு முன்பே எழுதி அவர் கையில் கொடுங்கள். தொடக்க காலத்தில் ஒருவர் "தேடலைக் கொஞ்சம் மேம்படுத்துங்கள்" என்றார். நான் வாயால் ஒப்புக்கொண்டேன். அவர் நினைத்த "கொஞ்சம்" வேறு, நான் நினைத்தது வேறு. ஐந்து வாரம் சம்பளமில்லாமல் வேலை செய்தேன். எழுதி வாங்காதது என் தவறு. அவர்மீது எனக்குக் கோபம் இல்லை.

கேள்வி: சோதனை முகவரியிலிருந்து உண்மை முகவரிக்கு மாற்றும்போது, தரவுத்தளத்தில் பழைய முகவரியைத் தேடி மொத்தமாக மாற்றினேன். பக்கவாட்டில் வைத்த சிறு பெட்டிகளான விட்ஜெட்டுகளும், பக்கம் வடிவமைக்கும் கருவியான பேஜ் பில்டரில் செய்த சில பக்கங்களும் காணாமல் போய்விட்டன.

பதில்: தரவு அங்கேயேதான் இருக்கிறது, வேர்ட்பிரஸால் படிக்க முடியவில்லை. விட்ஜெட், தீம் அமைப்புகள் போன்றவற்றை வேர்ட்பிரஸ், தான் எழுதப்பட்ட நிரல்மொழியான பி.எச்.பி.யின் 'சீரியலைஸ்' வடிவில், அதாவது பல மதிப்புகளை ஒரே தொடராகக் கோத்து, சேமிக்கிறது. அந்த வடிவில் ஒவ்வொரு சொற்றொடருக்கும் முன்னால் அதன் நீளம் பைட் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். "அடுத்து வருவது 30 பைட்" என்று எழுதியிருக்கும் இடத்தில் 24 பைட் முகவரியை நீங்கள் வைத்துவிட்டால் கணக்கு உதைக்கும். அந்தத் தொகுப்பு முழுவதையும் பி.எச்.பி. நிராகரித்துவிடும்.

மாற்றுவதற்கு முன் எடுத்த பேக்கப்பை மீட்டு, கட்டளைகளைத் தட்டச்சு செய்து வேர்ட்பிரஸை நிர்வகிக்கும் டபிள்யூ.பி. சி.எல்.ஐ. கருவியின் தேடி மாற்றும் கட்டளையைப் பயன்படுத்துங்கள். அது ஒவ்வொரு தொகுப்பையும் பிரித்து, மாற்றி, நீளத்தைச் சரிசெய்து திரும்ப எழுதும். முதலில் அதன் ஒத்திகை முறையில் ஓட்டி, எத்தனை இடங்கள் மாறும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தமிழில் தலைப்பு வைத்தால் பக்க முகவரி பாதியிலேயே வெட்டுப்படுகிறது. பிளகின் பிழையா?

பதில்: பிளகின்மீது பழியில்லை. முகவரிப் பகுதிக்கு வேர்ட்பிரஸ் தரவுத்தளத்தில் ஒதுக்கும் இடம் 200 குறிகள். கணினி எழுத்துகளுக்கு எண் தரும் முறையான யூனிகோடில் தமிழின் ஒரு குறி, அதைச் சேமிக்கும் யு.டி.எஃப்.-8 முறையில் 3 பைட். அதை முகவரிக்குரிய சதவீதக் குறியீட்டில் (ஒரு பைட்டுக்கு % சேர்த்து மூன்று குறி) எழுதினால் 9 குறிகள். 'வணக்கம்' கண்ணுக்கு 5 எழுத்து; புள்ளிகளும் சேர்ந்து 7 யூனிகோட் குறி; முகவரியில் 63. இத்தகைய மூன்று சொற்களோடு இடம் தீர்ந்துவிடும். தலைப்பை முழுத் தமிழில் வையுங்கள். முகவரிக்கு மட்டும் இரண்டு சொல் தமிழோ ஆங்கில எழுத்தில் ஒரு சுருக்கமோ கையால் கொடுங்கள், அதையும் வெளியிடுவதற்கு முன்பே.

கேள்வி: ஐயா, என் வாடிக்கையாளர் இன்னும் ட்ரூபல் 7-இல் இருக்கிறார். "நன்றாகத்தானே ஓடுகிறது" என்கிறார்.

பதில்: ட்ரூபல் 7-க்கான அதிகாரபூர்வ ஆதரவு 2025 ஜனவரி 5 அன்று முடிந்துவிட்டது. 2014 அக்டோபரில் நடந்ததை அவருக்குச் சொல்லுங்கள். ட்ரூபல் 7-இல், தரவுத்தளத்துக்குள் அந்நியர் தங்கள் கட்டளையைப் புகுத்த வழிவிடும் எஸ்.க்யூ.எல். ஊடுருவல் ஓட்டை ஒன்று அறிவிக்கப்பட்டது. அறிவித்த 7 மணி நேரத்துக்குள் திருத்தாத தளங்கள் எல்லாம் ஊடுருவப்பட்டதாகவே கருதுங்கள் என்று ட்ரூபலின் பாதுகாப்புக் குழுவே எச்சரித்தது. அன்று திருத்தமாவது வந்தது.

புதிய பதிப்புக்குப் போவதைச் சாதாரண அப்டேட் என்று நினைத்து விலை சொல்லிவிடாதீர்கள். ட்ரூபல் 8 முதல் அடித்தளம் சிம்ஃபனிக்கும் (பி.எச்.பி. நிரல் கட்டமைப்பு) ட்விக்குக்கும் (வார்ப்புரு எழுதும் மொழி) மாறிவிட்டது. உள்ளடக்கத்தை நகர்த்தக் கருவி உண்டு. நீங்கள் எழுதிய மாட்யூல்களையும் (ட்ரூபலின் பிளகின்கள்) தீம் கோப்புகளையும் புதிதாகத்தான் எழுத வேண்டும். சிறிய தளமாக இருந்தால், ட்ரூபல் 7-இலிருந்து கிளைத்த பேக்டிராப் என்ற மென்பொருளையும் பரிசீலியுங்கள்.

கேள்வி: கடைசித் தவணை கொடுக்காவிட்டால் தளம் தானாக நின்றுபோகும்படி ரகசிய நிரல் வைக்கலாமா?

பதில்: கூடாது. பணம் வரும்வரை தளத்தை உங்கள் சோதனைச் சர்வரிலேயே வைத்திருங்கள். அதை ஒப்பந்தத்திலும் எழுதுங்கள். அடுத்தவர் தளத்தில் பொறி வைப்பவரிடம் யாரும் சாவியைக் கொடுக்கக் கூடாது.

கேள்வி: வேறொருவர் அமைத்த தளத்தை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். நாற்பது பிளகின், ஒரு குறிப்புகூட இல்லை. எங்கே தொடங்குவது?

பதில்: முழு நகல் எடுத்து, நகலில் மட்டும் கை வையுங்கள். டபிள்யூ.பி. சி.எல்.ஐ.யில் சரிபார்ப்புக் கட்டளைகள் இருக்கின்றன. வேர்ட்பிரஸின் மூலக் கோப்புகளையும் அதிகாரபூர்வ அடைவில் உள்ள பிளகின்களையும் அசலோடு ஒப்பிட்டு, யாரோ கைவைத்த கோப்புகளைக் காட்டிக்கொடுக்கும். அடைவில் இல்லாத, விலைக்கு வாங்கிய பிளகின்களுக்கு அசலைத் தேடி நீங்களே ஒப்பிட வேண்டும். அதற்கான சந்தா யார் பெயரில் இருக்கிறது என்றும் கேளுங்கள். திருத்தப்பட்ட கோப்புகளின் பட்டியல் கைக்கு வரும்வரை விலை சொல்லாதீர்கள். அந்தப் பட்டியலைத் தயாரிக்கும் வேலைக்கே தனிக் கட்டணம் கேளுங்கள்.