ஆழத்துக் கிழவர்கள்: லேக் ட்ரவுட் கேள்வி பதில்

வட அமெரிக்கக் குளிர் ஏரிகளில் வாழும் பெரிய லேக் ட்ரவுட் மீனைப் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்றேன். கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. வந்த வரிசையிலேயே பதில் தருகிறேன்.

வணக்கம் சார். ஒன்டாரியோவில் ஒரே ஏரியில் மூன்று ஆண்டுகளாகத் தூண்டில் போடுகிறேன். நான்கு பவுண்டைத் தாண்டி ஒரு மீன்கூட ஏறவில்லை. நான் எங்கே தவறுகிறேன்?

என்னை சார் என்று அழைக்க வேண்டாம், அந்தப் பட்டம் மீனுக்குத்தான் சேரும். லேக் ட்ரவுட் பெயரில் மட்டுமே ட்ரவுட். பிறப்பால் அது 'சார்' இனம், ஆர்க்டிக் சாருக்குப் பங்காளி. கருத்த உடம்பில் வெளிர் புள்ளிகளும் ஆழமாகப் பிளந்த வாலும் இருந்தால் அதுதான்.

தவறு உங்கள் கையில் இல்லாமல் ஏரியில் இருக்கக்கூடும். சிஸ்கோ போன்ற கொழுத்த இரைமீன்கள் இல்லாத ஏரியில் இந்த மீன் மிதவை உயிரிகளையும் பூச்சிகளையும் தின்றே காலம் தள்ளும். அங்கே அது கிழடாகும், பெரிதாகாது. ஆகவே தூண்டிலை மாற்றுவதற்கு முன் அந்த ஏரியில் சிஸ்கோ இருக்கிறதா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் வேறு ஏரிக்குப் போங்கள்.

இருக்கிறதென்றால் அடுத்தது வெப்பநிலை. இந்த மீனுக்குப் பிடித்த நீர் ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸ். பனி உருகிய முதல் சில வாரங்களில் ஏரி முழுவதுமே குளிர்ந்திருக்கும். அப்போது பத்து, பதினைந்து அடி நீரில், கரையோரப் பாறைகளுக்குப் பக்கத்திலேயே திரியும். கோடையில் மேல்நீர் சூடாகி, அடியில் கிடக்கும் குளிர்நீரோடு கலக்காமல் தனி அடுக்காக நின்றுவிடும். மீன் அந்த எல்லைக்குக் கீழே இறங்கிவிடும். ஐம்பது அடியிலும் இருக்கலாம், நூறு அடியிலும் இருக்கலாம். சோனார் திரையில் அந்த எல்லை ஒரு மங்கலான பட்டையாகத் தெரியும். அதற்குக் கீழே, நடு ஏரியில் ஆழத்திலிருந்து எழும் நீரடி மேடுகளின் சரிவைத் தேடுங்கள். சிஸ்கோ கூட்டம் அந்தச் சரிவை ஒட்டிப் போகும். பெரிய மீன் அதன் கீழே காத்திருக்கும்.

எந்த ஸ்பூன் நல்லது அண்ணா?

ஸ்பூன் என்கிற உலோகப் போலி இரையில், ஐந்து முதல் ஏழு அங்குல நீளம், வெள்ளி நிறம் அல்லது வெள்ளை. படகை மணிக்கு இரண்டு மைல் வேகத்துக்குப் பக்கத்தில் வைத்து, எடைகட்டித் தூண்டிலை இறக்கும் டவுன்ரிக்கர் கருவியில் ஆழத்துக்கு இறக்குங்கள். நின்ற இடத்திலேயே பிடிப்பதானால் வெள்ளை டியூப் ஜிக் (எடை வைத்த மென்மையான குழாய் வடிவப் போலி இரை) போதும். தரையைத் தொடவிட்டு வேகமாகச் சுருட்டுங்கள். பின்னால் வருகிற மீனைக் கண்டு பயந்து நிறுத்திவிடாதீர்கள். இரைமீன் ஓடுமே தவிர நின்று வேடிக்கை பார்க்காது.

இதுவரை பிடிபட்டதில் மிகப் பெரியது எவ்வளவு?

தூண்டிலில் 72 பவுண்டு. 1995இல், கிரேட் பியர் ஏரியில். வலையில் 102 பவுண்டு. 1961இல், அத்தபாஸ்கா ஏரியில்.

தராசு இல்லாமல் எடையை எப்படிக் கணிப்பது?

நீளத்தையும் உடலின் மிகப் பருத்த இடத்தின் சுற்றளவையும் அங்குலத்தில் அளந்துகொள்ளுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 800ஆல் வகுத்தால் பவுண்டில் எடை கிடைக்கும். 40 அங்குல நீளம், 26 அங்குலச் சுற்றளவு என்றால் ஏறக்குறைய 34 பவுண்டு. தராசுக் கொக்கியில் தொங்கவிடுவதைவிட இதுவே மேல். மீனைச் செங்குத்தாகத் தொங்கவிடாதீர்கள். நீர் தாங்கிப் பழகிய உடல் அது. தொங்கவிட்டால் தாடையும் முதுகெலும்பும் உள்ளுறுப்புகளும் அந்த எடையைத் தாங்கா. வடக்கு ஏரிகளில் பெரிய மீன் ஐம்பது வயதைத் தாண்டியதாகவும் இருக்கலாம். உங்களைவிட மூத்ததைக் கழுத்தைப் பிடித்துத் தூக்குவீர்களா?

பனிக்காலத்துக்கு எந்த நிற ஸ்பூன் ஐயா?

வெள்ளி. மேலே சொன்னதுதான்.

ஆழத்திலிருந்து இழுத்த மீன் வயிறு உப்பி மேலேயே மிதக்கிறது. ஊசியால் குத்திக் காற்றை எடுக்கலாமா?

கூடாது. வால்ஐ (walleye), பெர்ச் போன்ற மீன்களின் காற்றுப்பை மூடியது. லேக் ட்ரவுட்டின் பை ஒரு குழாய் வழியாக உணவுக்குழலோடு இணைந்தது. அது தானே காற்றை வெளியேற்றும். மேலே வருகிறபோது நீரில் குமிழிகள் எழுவதைப் பார்த்திருப்பீர்களே, அது ஏப்பம் விடுகிறது. அவசரமாக இழுக்காமல் அதற்கு நேரம் கொடுங்கள். அப்படியும் உப்பியிருந்தால், ஈரக் கையால் வயிற்றைப் பின்பக்கத்திலிருந்து தலைப்பக்கமாக மெதுவாக நீவிவிடுங்கள்.

உங்கள் பதில் தவறு. பத்து ஆண்டுகளாக ஊசி போட்டுத்தான் விடுகிறேன். எல்லாம் நீந்திப் போகின்றன.

நீந்திப் போனதைப் பார்த்தீர்கள், பிழைத்ததைப் பார்த்தீர்களா? ஊசி போகும் வழியில் ஈரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. கதவு திறந்திருக்கிற வீட்டில் சுவரை இடித்துக்கொண்டு ஏன் நுழைய வேண்டும்?

ஆனால் மெதுவாக இழுத்தால் மீன் களைத்துச் சாகும் என்று நீங்களே முன்பு எழுதினீர்களே! இப்போது அவசரப்படாதே என்கிறீர்கள். எது சரி?

நியாயமான கேள்வி. வசமாகப் பிடித்துவிட்டீர்கள்! மெல்லிய தூண்டில் நரம்பைப் போட்டு அரை மணி நேரம் விளையாட்டுக் காட்டுவதுதான் களைப்பு. வலுவான நரம்போடு, நிறுத்தாமல், ஒரே சீராக ஏற்றுவது வேறு. முன்பு எழுதியபோது இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டேன், அது என் பிழை.

ஆனால் நீங்கள் இருவருமே காற்றிலேயே நிற்கிறீர்கள். கோடையில் கொல்வது பெரும்பாலும் சூடு. 8 டிகிரியில் இருந்த மீனை 22 டிகிரி மேல்நீருக்கு இழுத்து, படகில் போட்டுப் புகைப்படம் எடுத்து, மறுபடி அதே வெந்நீரில் பிடித்துவைத்து "உயிர் கொடுக்கிறோம்" என்கிறார்கள். வேண்டாம். முள்ளை நீரிலேயே கழற்றி, தலை கீழ்நோக்கி இருக்கும்படி ஆழத்தை நோக்கிச் செலுத்திவிடுங்கள். மேல்நீர் கொதிக்கிற வாரங்களில் 'பிடித்து விடுதல்' என்ற பேச்சையே எடுக்காமல் இருப்பது நல்லது. நான் அந்த வாரங்களில் பாஸ் மீன் பிடிக்கப் போய்விடுவேன்.

ஊசிக்காரர்தான் மறுபடியும். நான் ஒப்புக்கொள்ளவில்லை.

வால்ஐ மீனுக்கு ஊசி போடுவதா என்பதைப் பற்றித் தனியாக வாதாடலாம். இந்த மீனுக்கு வேண்டாம்.

விடு விடு என்கிறீர்கள். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவிலுள்ள யெல்லோஸ்டோன் ஏரியில் பிடித்தால் கொல்ல வேண்டும் என்பதுதானே சட்டம்?

ஆம், கொன்றே ஆக வேண்டும். அது அந்த ஏரியின் மீனல்ல. யாரோ கொண்டுவந்து விட்டது, 1994இல் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே காலங்காலமாக வாழ்ந்த கட்த்ரோட் ட்ரவுட்டை அது தின்று தீர்த்தது. கட்த்ரோட் முட்டையிட ஓடைகளில் ஏறும், அங்கே கரடிக்கும் பருந்துக்கும் இரையாகும். லேக் ட்ரவுட் ஓடைக்கு வராமல் ஏரிப் பாறைகளிலேயே முட்டையிடும். கரடி வெறுங்கையோடு திரும்பியது. எனவே பூங்கா நிர்வாகம் வலை போட்டு லட்சக்கணக்கில் அகற்றிவருகிறது. நான் விடச் சொல்வது சொந்த ஏரியில் இருக்கும் மீனை.

முப்பது பவுண்டு மீனைக் குழம்பு வைக்கலாமா?

சமையல் என் துறையல்ல. ஆனால் நீண்ட நாள் வாழ்ந்து பிற மீன்களைத் தின்ற மீனில் பாதரசம் கூடுதலாகச் சேர்ந்திருக்கும். எந்த ஏரியில், எந்த அளவு மீனை, மாதத்துக்கு எத்தனை முறை உண்ணலாம் என்று ஒன்டாரியோ அரசு வழிகாட்டி வெளியிடுகிறது, அதைப் பாருங்கள். சாப்பிட நினைத்தால் சிறியதை எடுங்கள்.

அக்டோபரில் பாறை மேடுகளில் கூட்டமாக நிற்குமாமே?

நிற்கும். முட்டையிட வந்திருக்கும், அதுவும் பெரும்பாலும் இரவில். அதனால்தான் பல ஏரிகளில் அந்தப் பருவத்தில் பிடிக்கத் தடை. உங்கள் மண்டலத்தின் விதிகளைப் படியுங்கள்.

நேற்றுப் பிடித்த 28 பவுண்டு மீனின் படத்தை அனுப்பியிருக்கிறேன். எப்படி இருக்கிறது?

செங்குத்தாகத் தொங்குகிறது.

பெரிய மீனுக்கு எந்த ஸ்பூன் நல்லது?

மேலே படியுங்கள்.