எதிர்வாக்குப் போடுகிறவர்கள் கேட்டவை

நிரல் எழுதுபவர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெறும் ஸ்டேக் ஓவர்ஃப்ளோ தளத்தில், பல ஆண்டுகளாகப் பைத்தான் என்னும் நிரல்மொழி பற்றிய கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன். அங்கே ஒரு பதிவு பயனுள்ளதென்றால் மேல் அம்புக்குறியை அழுத்துவது ஆதரவு வாக்கு, இல்லையென்றால் கீழ் அம்புக்குறியை அழுத்துவது எதிர்வாக்கு. இப்படி வாக்களிப்பது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள்.

எதிர்வாக்கு யார் போட்டது என்று பார்க்க முடியுமா ஐயா?
முடியாது.

எதிர்வாக்குப் போட்டால் நமக்கும் புள்ளி குறையுமாமே?
தளத்தில் நமக்குச் சேரும் நற்பெயர்ப் புள்ளியில், பதிலுக்குப் போட்டால் எழுதியவருக்கு 2, உங்களுக்கு 1 குறையும். கேள்விக்குப் போட்டால் உங்களுக்கு நட்டமில்லை. 125 புள்ளி சேர்ந்த பிறகுதான் இந்த உரிமையே கிடைக்கும்.

எதிர்வாக்கின் காரணத்தைப் பதிவின் கீழே எப்படி எழுதினால் சண்டை வராது அண்ணா?
ஆளை விட்டுவிட்டு நிரலைப் பேசுங்கள். ஒருவர் ஃபங்ஷன் (பெயர் சொல்லி அழைத்தால் ஓடும் நிரல்துண்டு) எழுதி, வெற்று லிஸ்ட் (பட்டியல்) ஒன்றை இயல்பு மதிப்பாக, அதாவது அழைப்பவர் எதுவும் தராதபோது எடுத்துக்கொள்ளும் மதிப்பாக, வைத்திருக்கிறார் என்று கொள்வோம். பைத்தானில் அந்த லிஸ்ட் ஒரே ஒருமுறைதான் உருவாகும். முதல் அழைப்பில் சேர்த்தது அடுத்த அழைப்பிலும் ஒட்டிக்கொண்டு வரும். "தவறான பதில்" என்று எழுதினால் அவர் முறைப்பார். "இதை இரண்டு முறை அழைத்துப் பாருங்கள், பழைய உறுப்பும் சேர்ந்து வருகிறது" என்றால் ஓட்டிப் பார்ப்பார், திருத்துவார். திருத்திய பின் நீங்கள் திரும்பிப் போய் எதிர்வாக்கை எடுத்துவிடவேண்டும். வாக்குப் போட்டு 5 நிமிடம் கடந்தால் அது பூட்டிக்கொள்ளும். அதன்பின் பதிவு திருத்தப்பட்டால்தான் மாற்ற முடியும். பலர் திரும்பிப் போவதே இல்லை, அதுதான் எனக்குக் கோபம்.

இன்னொன்று: "எதிர்வாக்கு என்னுடையது" என்று அறிவிக்காதீர்கள். குறையை மட்டும் சொல்லுங்கள்.

காரணம் எழுதுவதைக் கட்டாயமாக்கினால் என்ன?
பெட்டியில் நான்கு எழுத்தைத் தட்டிவிட்டுப் போவார்கள்.

அப்படியானால் புதியவர் எதைப் பார்த்துத் திருந்துவார்? சோம்பேறிகளுக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள்.
வாங்கவில்லை. ஒரே குறையை ஏற்கெனவே இருவர் சொல்லியிருக்க, மூன்றாவது ஆளும் எழுதவேண்டுமா? யாருமே சொல்லாத இடத்தில் முதல் ஆள் எழுதவேண்டும் என்பேன். அதில் உங்கள் பக்கம்தான். ஆனால் பிழைச் செய்தியைக்கூட ஒட்டாமல் "வேலை செய்யவில்லை" என்று கேட்பவருக்கு, அம்புக்குறிமேல் சுட்டியை வைத்தால் தெரியும் விளக்கமே போதும்: முயற்சி தெரியவில்லை, தெளிவில்லை.

அது எப்படிப் போதும்? அவர் நேற்றுத்தான் சேர்ந்தவர்.
சரி, அவருக்கு ஒரு வரி எழுதுங்கள். நானும் எழுதுகிறேன்.

எதிர்வாக்குப் போட்டவரைக் கண்டுபிடிக்க வழி?
முதல் பதிலைப் படியுங்கள்.

யாரென்று எனக்குத் தெரியும். அவருடைய பதிவுகள் எல்லாவற்றுக்கும் நானும் போட்டுவிட்டேன்.
ஒரே ஆளைக் குறிவைத்துக் குத்திய வாக்குகளைத் தளமே கண்டுபிடித்து ரத்து செய்யும். போட்டவர் அவர்தானா என்பதும் உங்களுக்குத் தெரியாது.




ஆதரவு வாக்குக்கும் காரணம் எழுதலாமா?
"நன்றி" வேண்டாம். "விண்டோஸிலும் ஓட்டிப் பார்த்தேன், கோப்பின் பாதையை மட்டும் மாற்றவேண்டியிருந்தது" என்றால் எழுதுங்கள்.