வியோனேயின் கிராஸ் கட்டிங் – கடிதமும் பதிலும்

வணக்கம் அக்கா,

நான் ஈரோட்டில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். பெரும்பாலும் ப்ளவுஸ், சுடிதார். முகூர்த்த மாதங்களில் ஆரி வேலையும் உண்டு. பாரிஸ் ஃபேஷன் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில் ஷனேல், டியோர் பற்றியெல்லாம் நிறைய இருந்தது. நடுவில் ‘முழு உடையையே கிராஸ் கட்டிங்கில் தைத்த மத்லேன் வியோனே’ என்று ஒரே ஒரு வரி. நாங்கள் தினமும் கிராஸ் கட் ப்ளவுஸ் தைக்கிறோம். அதைக் கண்டுபிடித்ததே இந்த அம்மாதானா? துணியைச் சாய்த்துப் போட்டு வெட்டியதற்காக ஒருவரை மேதை என்பார்களா? அவ்வளவு பெரியவர் என்றால் பெயர் ஏன் வெளியே தெரியவில்லை? முடிந்தால் விரிவாக எழுதுங்கள்.

எஸ்.,
ஈரோடு

அன்புள்ள எஸ்.,

கிராஸ் கட்டிங்கைக் கண்டுபிடித்தவர் வியோனே இல்லை. அவருக்கு முன்பும் ஐரோப்பியத் தையல்காரர்கள் காலருக்கும் விளிம்புப் பட்டிக்கும் துணியைக் கிராஸாக வெட்டத்தான் செய்தார்கள். கழுத்துக்குப் பைப்பிங் கொடுக்க நீங்கள் கிராஸ் பீஸ் வெட்டுகிறீர்களே, அது மாதிரி. ஓரங்களில் மட்டும் புழங்கிய அந்த வித்தையை உடை முழுவதற்கும் கொண்டுவந்தவர் வியோனே. இதைச் சாய்த்துப் போட்டு வெட்டுவது என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் மூன்று மீட்டர் க்ரேப் துணியைக் கிராஸாக வெட்டினால் அது என்ன பாடு படுத்தும் என்று மற்றவர்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

தையல் தெரியாமல் இதைப் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஒரு கைக்குட்டையை எடுத்து, ஓரத்துக்கு இணையாக இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துப் பாருங்கள். அசையாது. பாவு நூலோ ஊடை நூலோ நேராக நின்று இழுவையைத் தாங்கிக்கொள்ளும். இப்போது எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுங்கள். துணி நீளும், நடுவில் ஒடுங்கும், விட்டால் திரும்பி வரும். நூல் ஒன்றும் நீளவில்லை. பாவும் ஊடையும் சதுரம் சதுரமாகக் கோத்திருக்கும் இடம் சாய்சதுரமாக மாறுகிறது, அவ்வளவுதான். கிராஸ் கட் ப்ளவுஸின் முன்பாகம் மார்பில் சுருக்கமில்லாமல் உட்காருவது இந்த இழுவையால்தான். ப்ளவுஸில் ஒரு சாண் இடத்தில் நடப்பதைத் தோளிலிருந்து கணுக்கால் வரை நடத்திக் காட்டியவர் வியோனே.

அவர் வேலைக்கு வந்த காலத்தில் பணக்காரப் பெண்களின் உடைக்குள் கார்செட் இருந்தது. விலா எலும்பை நெருக்கி, இடுப்பை ஒடுக்கி, முதலில் உடம்பை ஓர் அச்சுக்குக் கொண்டுவருவார்கள். அப்புறம் அந்த அச்சின் மேல் துணியைப் போர்த்துவார்கள். கிராஸாக விழும் துணிக்கு இந்த ஏற்பாடே தேவையில்லை. அது தன் எடையாலேயே உடம்பின் வளைவைத் தேடிப் போய் உட்காரும், நடந்தால் கூடவே நகரும். அவருடைய பல கவுன்களில் பட்டனோ ஹூக்கோ கிடையாது. தலைவழியாகப் போட்டுக்கொண்டால் சரி. துணி விரிந்து வழிவிடும், பிறகு ஒடுங்கி உடம்போடு நின்றுகொள்ளும்.

முதல் உலகப்போர் முடிந்த சமயத்தில் அவர் செய்த ஓர் உடையை நீங்கள் அவசியம் பார்க்க வேண்டும். தந்த நிறப் பட்டு க்ரேப்பில் நாலு சதுரத் துண்டுகள். முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு. ஒவ்வொரு சதுரமும் ஒரு மூலையைப் பிடித்துத் தொங்கவிட்ட மாதிரி, வைர வடிவில் நிற்கும். சதுரத்தின் ஓரம் நேர் நூலில் இருப்பதால் தையல் நேர் நூலில் போகிறது, துணி விழுவது மட்டும் கிராஸில். கீழே மூலைகள் கூர்கூராகத் தொங்கும். இடுப்பை ஒடுக்கத் துணியை மடித்துப் பிடித்துத் தைக்கும் டார்ட் இல்லை, வளைத்து வெட்டிய துண்டு என்று ஒன்றுகூட இல்லை. அந்த உடையைப் பிரித்து மேசையில் போட்டால் நாலு பெரிய கைக்குட்டைதான் கிடைக்கும். அதையே ஒரு பெண் அணிந்து நின்றால் கிரேக்கச் சிலைக்கு உடுத்திய மாதிரி மடிப்பு மடிப்பாக இறங்குகிறது. சாய்த்து வெட்டியதற்கு மேதையா என்று கேட்டீர்கள். இந்த நாலு சதுரத்தைப் பார்த்தபின் எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

இப்படித் தைப்பதற்கு அவர் வேலை செய்யும் விதத்தையே மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. காகிதத்தில் வரைந்து பார்த்தால் துணி எப்படி விழும் என்று தெரியாது. அதனால் அவர் வரையவில்லை. சுமார் 80 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு மரப்பொம்மையை முன்னால் வைத்துக்கொண்டு, துணியை அதன்மேல் போட்டு, குண்டூசி குத்தி, வெட்டி, மறுபடி குத்தி வடிவத்தைக் கண்டுபிடிப்பார். பொம்மையில் சரியாக வந்த பிறகுதான் முழு அளவுக்குப் பெரிதாக்குவது. சாதாரண அகலத் துணியில் முழு கவுனைக் கிராஸாக வெட்டினால் ஒட்டு மேல் ஒட்டாகப் போகும். அதற்காக லியோன் நகரத்துப் பட்டு நிறுவனமான பியாங்கினி-ஃபெரியே அவருக்கென்றே அதிக அகலத்தில் க்ரேப் நெய்து கொடுத்தது.

இந்தப் பொறுமை அவருக்குப் படிப்பால் வந்ததில்லை. 1876-ல் பிரான்ஸின் லுவாரே பகுதியில் ஒரு சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் பிரிந்தார்கள். பாரிஸை ஒட்டிய ஓபர்வில்லியேவில் அப்பாவோடு வளர்ந்தார். பன்னிரண்டு வயதுக்குள் பள்ளியை விட்டுவிட்டுத் தையல் பழகப் போய்விட்டார். பதினெட்டில் கல்யாணம். பெண் குழந்தை பிறந்து சிசுவிலேயே இறந்தது. அந்தத் திருமணம் நிலைக்கவில்லை. தனியாகக் கிளம்பி லண்டனுக்குப் போனார். அங்கே கேட் ரெய்லி என்பவரின் கடையில் வேலை. பாரிஸ் உடை மாடல்களை ஆங்கிலேயச் சீமாட்டிகளுக்காகப் பிரதியெடுத்துத் தரும் கடை அது.

பாரிஸுக்குத் திரும்பியதும் காலோ சகோதரிகளின் தையலகத்தில் சேர்ந்தார். மூத்தவரான மரி ஜெர்பேர் மாடலின் உடம்பில் துணியைப் போட்டு உருவம் கொடுப்பார், அதைத் தைக்கத்தக்க பேட்டர்னாக, அதாவது வெட்டும் அளவு வடிவமாக, மாற்றுவது வியோனேயின் பொறுப்பு. காலோ சகோதரிகள் இல்லையென்றால் தான் கடைசிவரை ஃபோர்டு கார்களையே செய்துகொண்டிருந்திருப்பேன், ரோல்ஸ் ராய்ஸ் செய்யக் கற்றது அவர்களால்தான் என்று பின்னாளில் சொன்னார். 1907-ல் ழாக் தூசேயின் கடைக்கு மாறினார். அங்கே மாடல்களைக் கார்செட் இல்லாமல், வெறுங்காலோடு நடக்கவிட்டார். கடையின் விற்பனைப் பெண்களுக்கே அது பிடிக்கவில்லை. 1912-ல் ரூ த ரிவோலியில் சொந்தக் கடை திறந்தார், இரண்டே வருடத்தில் போர் வந்து மூடவேண்டியதாயிற்று. போர் முடிந்தபின் மறுபடி தொடங்கி, 1923-ல் அவென்யூ மொந்தேன் 50-ஆம் எண் மாளிகைக்குப் போனார். அதன்பின் வளர்ச்சிதான். உச்சத்தில் ஏறக்குறைய 1,200 பேர் அங்கே வேலை செய்தார்கள்.

நீங்களும் கடை நடத்துகிறவர் என்பதால் அந்த 1,200 பேர் எப்படி இருந்தார்கள் என்பதைச் சொல்லியே ஆகவேண்டும். வியோனே தொழில் பழகிய காலத்தில் தையல் பெண்களுக்கு முதுகு சாய வழியில்லாத முக்காலிதான். நாள் முழுக்கக் குனிந்தபடி வேலை. தன் பட்டறையில் அவர் எல்லோருக்கும் சாய்மானம் உள்ள நாற்காலி போட்டார். வெளிச்சமும் காற்றும் வரும்படி கட்டடத்தை அமைத்தார். சாப்பாட்டுக் கூடம், மருத்துவர், பல் மருத்துவர், கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம், பிரசவ விடுப்பு, சம்பளத்தோடு விடுமுறை எல்லாம் அங்கே இருந்தன. பிரான்ஸில் எல்லாத் தொழிலாளர்களுக்கும் ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை என்று சட்டம் வந்ததே 1936-ல்தான். அதற்குப் பல வருடம் முன்பே இந்த அம்மா கொடுத்துவிட்டார்.

பல கட்டுரைகளில் இதைக் கருணை என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் போதவில்லை. கிராஸ் துணியில் நேராகத் தைக்க நிதானமான கை வேண்டும். தூங்காத, பசித்த, முதுகு வலிக்கிற பெண்ணிடமிருந்து அந்தக் கை கிடைக்காது. பதின்வயதுக்கு முன்பே ஊசி பிடித்தவருக்கு இது உடம்பாலேயே தெரிந்திருக்கும். அவருடைய உடையின் அழகுக்குள் அந்த நாற்காலியும் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

நீங்கள் ஆரி வேலையைக் குறிப்பிட்டதால் இன்னொன்று. கிராஸ் துணியில் எம்பிராய்டரி போடுவது பெரிய தலைவலி. நூல் துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டால் அதன் இழுவை செத்துவிடும். வியோனேயின் உடைகளில் எம்பிராய்டரி துணியின் விழுகையைக் கெடுக்காதபடி நேர் இழையின் போக்கிலேயே போகும். அவருக்காக வேலை செய்த எம்பிராய்டரிக்காரர் ஆல்பேர் லெசாஜ். ஆல்பேரின் மனைவி மரி-லூயிஸ் அதற்கு முன்பு வியோனேயிடமே எம்பிராய்டரி பார்த்துக்கொண்டிருந்தவர். இவர்களுடைய பேரன் ழான்-பிரான்சுவா லெசாஜ் 1993-ல் நண்பர்களோடு சேர்ந்து எம்பிராய்டரிப் பட்டறை தொடங்கிய ஊர் எது தெரியுமா? நம் சென்னை. வஸ்த்ரகலா என்று பெயர். பிரான்ஸின் பழைய மாளிகைகளுக்கான திரைச்சீலை, கட்டில் விரிப்பு வேலைகளெல்லாம் நம் ஊர்க் கைகளில் நடந்திருக்கின்றன. ஆரிச் சட்டத்தின் முன்னால் உட்காரும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் ஏன் வெளியே தெரியவில்லை என்ற கேள்விக்கு வருகிறேன். முதல் காரணம், அவர் காப்பியடிப்பவர்களோடு விடாமல் சண்டை போட்டவர். பிரதிகள் குறைந்தால் பெயர் பரவுவதும் குறையும். ஒவ்வொரு உடை மாடலையும் மடக்குக் கண்ணாடியின் முன் நிறுத்தி, முன், பின், பக்கவாட்டு என மூன்று கோணமும் தெரியும்படி படமெடுத்து, எண் போட்டு ஆல்பத்தில் சேர்த்துப் பதிவு செய்தார். கடையிலிருந்து போகும் உடையின் லேபிளில் கையெழுத்தோடு தன் வலது பெருவிரல் ரேகையையும் பதித்தார். லண்டனில் பிரதியெடுக்கும் கடையில் வேலை பார்த்தவருக்குப் பிரதி எப்படி உருவாகிறது என்று உள்ளும் புறமும் தெரியும் அல்லவா? இதைச் சிலர் கஞ்சத்தனம் என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு மாடலைப் பொம்மையில் கண்டுபிடிக்க எவ்வளவோ நேரம் செலவாகிறது. அதைத் திருடி மலிவாக விற்பவன் திருடுவது அந்த நேரத்தைத்தான், அவருடைய பட்டறைப் பெண்களின் கூலியையும் சேர்த்து. டிசைனை எழுத்துக்கும் ஓவியத்துக்கும் சமமான படைப்பாகச் சட்டம் மதிக்கவேண்டும் என்று அவர் கேட்டது முழு நியாயம்.

அடுத்தது, 1939-ல் மறுபடி போர் வந்தபோது அவருக்கு 63 வயது. கடையை மூடினார், திரும்பத் திறக்கவில்லை. ஷனேலும் அதே வருடம்தான் மூடினார். ஆனால் 1954-ல், 70 வயதில் மீண்டும் வந்தார். இடையில் அவர் பெயரைக் காப்பாற்ற 1921-ல் தொடங்கிய நம்பர் 5 வாசனைத் திரவியம் இருந்தது. ஷனேலுக்குப் பேசத் தெரியும், தன்னைப் பற்றிக் கதை உண்டாக்கத் தெரியும். வியோனே விருந்துகளுக்குப் போகாதவர், பத்திரிகைகளில் முகம் காட்டாதவர். அவருடைய உடையைப் புகைப்படத்தில் பார்த்தாலும் விளங்காது. மேசையில் கிடந்தால் கந்தல் மாதிரி இருக்கும். ஓர் உடம்பு உள்ளே வந்து நகர்ந்தால்தான் அது உடையாகும். பெயர் பரவுவதற்கு இதைவிடக் கெட்ட நிலைமை வேண்டாம்.

ஆனால் தொழிலுக்குள் அவர் மறக்கப்படவே இல்லை. 1930-களின் ஹாலிவுட் நடிகைகள் திரையில் போட்டுவந்த, உடம்போடு வழியும் வெள்ளை சாட்டின் கவுன்களெல்லாம் அவர் வழியில் பிறந்தவை. கழுத்தில் கட்டும் ஹால்டர் நெக், முன்னால் தொளதொளவென்று மடிந்து விழும் கௌல் நெக் இரண்டையும் பரவலாக்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. உங்கள் கடைக்கு யாராவது போனில் படம் காட்டி கௌல் நெக் கேட்டிருப்பார்கள். ஜப்பானின் இஸ்ஸே மியாகே, பாரிஸின் அஸெதீன் அலாயா போன்றவர்கள் அவரை ஆசானாகவே கொண்டாடினார்கள்.

1952-ல் அவர் செய்த காரியத்தைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 120-க்கும் மேற்பட்ட உடைகள், நூற்றுக்கணக்கான பேட்டர்ன் துணிகள், பதிவு செய்த 75 ஆல்பங்கள் எல்லாவற்றையும் பொதுச் சேகரிப்புக்குக் கொடுத்துவிட்டார். இன்று அவை பாரிஸின் அலங்காரக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. காப்பியடிப்பவர்களை வாழ்நாளெல்லாம் விரட்டியவர், வியாபாரம் முடிந்தபின் தன் வித்தையின் சாவியை யார் வேண்டுமானாலும் வந்து படிக்கட்டும் என்று வைத்துவிட்டுப் போனார். விற்பவனைத்தான் அவர் தடுத்தார், கற்பவரைத் தடுக்கவில்லை. 1975-ல், 98 வயதில் இறந்தார்.

ஆகவே நீங்களும் கற்கலாம். நாலு சதுர உடையைத் தைத்துப் பாருங்கள். விலை உயர்ந்த பட்டு வேண்டாம், சாதாரண க்ரேப் போதும், ஜார்ஜெட் கொஞ்சம் வழுக்கும். முதலில் ஒரு பழைய பொம்மையில் நாலு கைக்குட்டையைக் குண்டூசி குத்திச் செய்து பாருங்கள். முழு அளவில் தைக்கும்போது தோள் தையலை முடித்ததும் ஹேங்கரில் மாட்டி ஒரு நாளாவது தொங்கவிடுங்கள். துணி தன் எடையில் எவ்வளவு இறங்குமோ இறங்கட்டும். கிராஸாக விழும் எந்த உடைக்கும் இது பொருந்தும். இறங்கி முடிந்த பிறகு அளந்து, சீராக வெட்டி, அப்புறம் ஹெம்மிங் போடுங்கள். வந்ததும் படம் அனுப்புங்கள், முன், பின், பக்கவாட்டு மூன்றும்.

அன்புடன்