சீஷத்துவம், செல் குரூப், சபை ஐக்கியம்: கேள்வி பதில்

சபையார் வீடுகளில் கூடுகிற சிறு குழுக்களை (செல் குரூப்) நடத்துகிறவன் என்பதால், அவற்றைப் பற்றியும் சீஷத்துவத்தைப் பற்றியும், அதாவது இயேசுவைப் பின்பற்றி வளருவதைப் பற்றியும், பதில் சொல்லும் பொறுப்பு என்மேல் விழுந்திருக்கிறது. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்திருக்கிறேன், பெயர்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: ஐயா, பல வருஷமாக ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் ஆராதனைக்குப் போகிறேன். வீட்டில் வேதமும் வாசிக்கிறேன். ஆனால் கோபம், பொறாமை எல்லாம் அப்படியே இருக்கிறது. எங்கே தவறுகிறேன்?

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் கோபப்படுவதை நேரில் பார்த்த விசுவாசி யாராவது உங்கள் சபையில் உண்டா? பெரும்பாலும் இருக்கமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் யாரும் நல்லவராக இருந்துவிடலாம்.

இயேசு பன்னிரண்டு பேரைத் தெரிந்துகொண்டது எதற்கு என்று மாற்கு 3:14 சொல்கிறது. பிரசங்கம் பண்ண அனுப்புவதற்கு முன்னால், "தம்மோடுகூட இருக்கவும்" என்று வருகிறது. யார் பெரியவன் என்று வழியில் அவர்கள் வாக்குவாதம் பண்ணினார்கள். அதை அவர் அன்றைக்கே வீட்டில் வைத்துக் கேட்டார். கூடவே நடந்ததால்தான் அது வெளியே வந்தது.

அதனால் வாசிப்பைக் கூட்டுவதற்கு முன், உங்களைச் சாதாரண நாளில் பார்க்கிற ஒருவரைத் தேடுங்கள். வீட்டுக்கு வந்துபோகிறவராக, உங்கள் மனைவியிடமும் "இவர் எப்படி இருக்கிறார்?" என்று கேட்கக்கூடியவராக இருக்கட்டும். அப்புறம் கோபத்தைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: எங்கள் செல் குரூப்பில் பாட்டு, பாடம், ஜெபம் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. ஆனால் யாரும் மனம் திறந்து பேசுவதில்லை. என்ன செய்யலாம் அண்ணா?

உங்கள் கூட்டம் எப்படி முடியும் என்று நான் சொல்லட்டுமா? "ஜெபக் குறிப்பு இருந்தால் சொல்லுங்கள்" என்பீர்கள். ஒருவர் பிள்ளைகளின் பரீட்சை என்பார், இன்னொருவர் உறவினரின் ஆபரேஷன் என்பார், மூன்றாமவர் "எல்லாருக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று முடித்துவிடுவார். தன்னைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள்.

1742ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில், மெதடிஸ்டு இயக்கத்தை நடத்திய போதகர் ஜான் வெஸ்லியின் ஆட்களுக்குக் கட்டடக் கடன் ஒரு பெரிய பிரச்சினையாக இருந்தது. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுப்பது, பன்னிரண்டு பேருக்கு ஒருவர் பொறுப்பெடுத்து வீடு வீடாகப் போய் வசூலிப்பது என்று ஏற்பாடு செய்தார்கள். வசூலுக்குப் போனவர்கள்தான் முதன்முதலில் உண்மை நிலவரத்தைப் பார்த்தார்கள்: இந்த வீட்டில் குடி, அந்த வீட்டில் சண்டை. வெஸ்லி அதைப் பிடித்துக்கொண்டார். மெதடிஸ்டுகளின் 'கிளாஸ்' கூட்டங்கள் அப்படித்தான் பிறந்தன. பாடத்திட்டம் எதுவும் கிடையாது. ஒவ்வொருவரிடமும் உன் ஆத்துமா எப்படி இருக்கிறது என்று விசாரிப்பதுதான் முக்கிய வேலை.

நீங்கள் செய்யவேண்டியது இதுதான். ஒரு கூட்டத்துக்கும் அடுத்த கூட்டத்துக்கும் நடுவில் வீடுகளுக்குப் போங்கள். கூட்டத்தில் பொதுவாகக் கேட்காமல், "போன வாரம் உங்கள் அண்ணனோடு பேசப்போவதாகச் சொன்னீர்களே, பேசினீர்களா?" என்று குறிப்பாகக் கேளுங்கள். கேட்டபிறகு சும்மா இருங்கள். அரை நிமிஷம் அமைதி வந்ததும் பயந்துபோய், "சரி, ஒரு பாட்டுப் பாடுவோம்" என்று ஆரம்பிக்கிற தலைவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த அமைதியில்தான் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஏதோ சொல்ல வந்திருப்பார். இன்னொன்று, முதலில் தலைவர் தன் பலவீனத்தைச் சொல்லவேண்டும். மற்றவர்கள் அவர் போகிற ஆழத்துக்குத்தான் போவார்கள்.

கேள்வி: நான் அழுது சொன்ன விஷயம் அடுத்த வாரம் சபை முழுக்கத் தெரிந்திருக்கிறது. "ஜெபிக்கத்தான் சொன்னேன்" என்கிறார்கள். இனி யாரை நம்புவது?

சகோதரி, ஜெபக் குறிப்பு என்ற பெயரில் புறங்கூறுவது நம் சபைகளில் யாரும் கண்டிக்காத பாவம். மத்தேயு 18:15 சொல்கிறபடி முதலில் அதை வெளியே சொன்னவரிடம் தனியாகப் போய்ப் பேசுங்கள். உணர்ந்தால் நல்லது. உணராவிட்டால், இன்னும் ஓரிருவரைக் கூட்டிக்கொண்டு போ, அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல் என்று அடுத்த இரண்டு வசனங்களும் இருக்கின்றன, அவற்றையும் பயன்படுத்தலாம். குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கள் என்று யாக்கோபு 5:16 சொல்கிறது, ஆனால் எல்லாரிடமும் எல்லாவற்றையும் சொல்லவேண்டும் என்று அதில் இல்லை. பன்னிரண்டு பேர் குழுவில் பொதுவானவற்றைச் சொல்லுங்கள், உள்ளே இருப்பதை இரண்டு பேரிடம் சொன்னால் போதும்.

குழுத் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. இரகசியம் காப்பதற்கு எல்லை உண்டு. ஒரு பிள்ளைக்குக் கொடுமை நடக்கிறது, ஒருவர் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் அதை மூடிவைக்கக்கூடாது. உரிய அதிகாரிகளிடம் சொல்லியே ஆகவேண்டும். சபையின் பெயர் கெடும் என்பது காரணமே அல்ல.

கேள்வி: வேலை மாற, பெண் பார்க்க, வெளியூர் போகக்கூட எங்கள் தலைவரிடம் அனுமதி வாங்கவேண்டும். கேள்வி கேட்டால் "கீழ்ப்படியாத ஆவி" என்கிறார். இதுதான் சீஷத்துவமா?

இல்லை தம்பி. ஆலோசனை கேட்பது நல்லது, அனுமதி வாங்குவது வேறு. கொரிந்து சபையை உருவாக்கிய பவுலே, உங்கள் விசுவாசத்துக்கு நாங்கள் அதிகாரிகள் அல்ல, உங்கள் சந்தோஷத்துக்குச் சகாயர் என்றுதான் எழுதினார் (2 கொரிந்தியர் 1:24). மந்தையை இறுமாப்பாய் ஆளவேண்டாம் என்று மூப்பர்களுக்குப் பேதுருவும் சொல்லியிருக்கிறார்.

இது புதுசும் இல்லை. 1970களில் அமெரிக்காவில் 'மேய்ப்பன்' முறை என்று ஒரு இயக்கம் பரவியது. ஒவ்வொருவருக்கும் மேலே ஒருவர், அவருக்கும் மேலே ஒருவர் என்று அமைப்பு. நல்ல நோக்கத்தோடுதான் தொடங்கினார்கள். போகப்போகச் சொந்த முடிவுகளிலும் தலை நுழைத்தார்கள். பலர் காயப்பட்டார்கள். கடைசியில் தலைவர்களில் ஒருவரே வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்.

உங்கள் தலைவரிடம் நீங்கள் கவனிக்கவேண்டியது, அவர் யாருக்குக் கணக்குக் கொடுக்கிறார், "நான் தவறிவிட்டேன்" என்று அவர் கடைசியாகச் சொன்னது எப்போது என்பதைத்தான். இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் போதகரிடமோ மற்ற மூப்பர்களிடமோ போங்கள். அங்கேயும் கதவு மூடியிருந்தால் வேறு சபைக்குப் போவது பின்மாற்றம், அதாவது விசுவாசத்தை விட்டு விலகுவது, ஆகாது.

கேள்வி: சீஷத்துவத்துக்கு எந்தப் பாடப்புத்தகம் நல்லது?

மாற்கு சுவிசேஷம். இருவராக உட்கார்ந்து, வாரம் ஒரு அதிகாரம். பதினாறு வாரத்தில் முடிந்துவிடும்.

கேள்வி: நான் வழிநடத்தும் இளைஞன் திரும்பத் திரும்பப் பழைய குடிக்கே போகிறான். இரண்டு முறை மன்னித்துவிட்டேன். அவனைவிட நன்றாக வளரக்கூடியவர்கள் காத்திருக்கிறார்கள். விட்டுவிடலாமா ஐயா?

பம்பிலியாவில் பாதியில் திரும்பிப்போன மாற்குவை மறுபடியும் கூட்டிக்கொண்டு போவதா என்று பவுலுக்கும் பர்னபாவுக்கும் பிரிந்துபோகிற அளவுக்குச் சண்டை வந்தது (அப்போஸ்தலர் 15). யார் செய்தது சரி என்று அந்தப் புத்தகத்தை எழுதிய லூக்கா தீர்ப்பு எழுதவில்லை. ஆனால் சிறையிலிருந்து கடைசிக் கடிதம் எழுதும்போது, மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமானவன் என்று பவுல் கேட்கிறார். நடுவில் அவனைக் கைவிடாமல் கூட்டிக்கொண்டு போனவர் பர்னபா.

ஆகவே விடவேண்டாம் என்பேன். ஆனால் நீங்கள் மட்டும் சுமக்கவும் வேண்டாம். இன்னொரு சகோதரனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குடிநோய் உடம்பையும் பிடிப்பது, டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். ஜெபம் போதாது என்று அர்த்தமாகாது. பணமாகக் கையில் கொடுக்காதீர்கள். காத்திருக்கிற மற்றவர்களை மாற்கு சுவிசேஷத்தோடு இருவர் இருவராக உட்காரவைத்துவிடுங்கள், அவர்களுக்கு இப்போதைக்கு நீங்கள் தேவைப்படமாட்டீர்கள்.