எந்த மாதத்தில் உங்கள் போர்?

கேள்வி: காவிரிப் படுகை மாதிரியான ஒரு கற்பனை நாட்டை வைத்து ஃபேன்டசி நாவல் எழுதுகிறேன். ஆடிப் பதினெட்டு அன்று 10,000 வீரர்களும் 500 யானைகளும் ஆற்றைக் கடந்து வயல்வெளியில் மோதுவதாக ஓர் அத்தியாயம். நாயகன் கையில் 40 கிலோ வாள். படித்துப் பார்த்த நண்பர், ‘இது நடக்காது’ என்கிறார். மந்திரவாதிகள் உலவும் கதைக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையா? (ஒரு வாசகர், திருத்துறைப்பூண்டி)

பதில்: கட்டாயம் தேவை. உங்கள் நண்பர் சொல்வதுதான் சரி. மலை எழுந்து நடந்தது என்று எழுதுங்கள், நம்புவோம். நட்ட வயலில் குதிரை நாலுகால் பாய்ச்சலில் வந்தது என்று எழுதினால் திருவாரூர் மாவட்டத்தில் ஒருவரும் நம்ப மாட்டார். நீங்கள் மாற்றியதாகச் சொன்னதை வாசகர் ஏற்றுக்கொள்வார். நீங்கள் மாற்றாமல் விட்டதெல்லாம் தாம் அறிந்தபடியே இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்.

ஆகவே வாளுக்கு முன்னால் மாதத்தை முடிவு செய்யுங்கள். மேட்டூர் அணை வந்தது 1934இல். உங்கள் கதை நடப்பது அதற்கு முந்தைய உலகம். குடகில் தென்மேற்குப் பருவமழை கொட்டினால் ஆடியில் காவிரி இருகரையும் தொட்டு ஓடும். சுழலில் வீரன் போவான், வில்லின் நாண் நனைந்து தொய்யும், தானிய வண்டி ஆற்றோடு போகும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. அப்போது வயல் முழுக்கத் தொளி, கால் வைத்தால் கெண்டைக்கால் வரை இறங்கும். நடக்க வரப்பு மட்டும்தான் மிச்சம், அதில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். ஆளுக்கு ஒரு மீட்டர் இடைவெளி விட்டால் 10,000 பேர் 10 கிலோமீட்டர் நீள வரிசை. மணிக்கு 3 கிலோமீட்டர் வேகம் என்றால், முதல் ஆள் போய்ச் சேர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் கடைசி ஆள் வருவான். எதிரிக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

மாசி, பங்குனிக்கு மாற்றுங்கள். சம்பா அறுவடை முடிந்து பத்தாயமும் குதிரும் நிறைந்திருக்கும். ஆற்றில் மணல் தெரியும். களிமண் இறுகி வெடித்துக் கிடக்கும், வண்டி போகும். இரண்டாம் போக நெல்லான தாளடிக்குப் பின் தெளித்த உளுந்தும் பயறும் வயலில் நிற்கும். எதிரி வருவதற்கு இப்போது ஒரு காரணமும் கிடைத்துவிடுகிறது: நெல்.

அடுத்தது சோறு. ஆளுக்கு நாளொன்றுக்கு முக்கால் கிலோ அரிசி என்றே வைப்போம். 10,000 பேருக்கு 7,500 கிலோ. ஒரு மாட்டு வண்டிக்கு 500 கிலோ ஏற்றினால் தினம் 15 வண்டி. இருபது நாள் படையெடுப்புக்கு 300 வண்டி, 600 மாடு. மாட்டுக்கும் தீனி வேண்டும், விறகு வேறு. யானை ஒன்றுக்கு நாளுக்குச் சுமார் 150 கிலோ பசுந்தீனி. 500 யானைக்கு 75 டன். காடே இல்லாத சமவெளியில் அத்தனை தழைக்கு எங்கே போவது? வாழையையும் தென்னை மட்டையையும் வெட்டிப் போட்டே ஊர் மொட்டையாகிவிடும். 20 யானை போதும். அந்த இருபதையும் பெயர் சொல்லி, பாகனோடு சேர்த்து எழுதுங்கள், 500ஐ விடப் பெரிதாகத் தெரியும்.

ஆயுதத்துக்கு வருவோம். டெல்டாவில் நெல் உண்டு, இரும்புத்தாது கிடையாது, பாறையும் கிடையாது. சங்க காலத்தில் இரும்பையும் உருக்கையும் உருவாக்கிய கொடுமணல், காவிரியில் சேரும் நொய்யலின் கரையில், மேற்கே தொலைவில் இருக்கிறது. இது உங்கள் கதைக்கு ஒரு புதையல். ஆற்றின் மேல்பக்கம் இருப்பவன் கையில் தண்ணீரும் இரும்பும், கீழே இருப்பவன் கையில் சோறு. இதற்குமேல் ஒரு பகையை நீங்கள் தேட வேண்டியதில்லை. இரும்பு அரிதான நாட்டில் சாதாரண வீரன் கையில் இருப்பது வேல். கனத்த மூங்கில் காம்பு, நுனியில் மட்டும் கொஞ்சம் இரும்பு. வாள் தலைவனுக்கு.

அந்த வாளும் 40 கிலோ இருக்க முடியாது. ஒரு கையால் வீசும் வாள் பெரும்பாலும் 1 முதல் 1.5 கிலோதான். வாளின் பலம் வேகத்தில் இருக்கிறது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனை ஆயுதங்கள் இருக்கின்றன, ஒருமுறை போய்ப் பாருங்கள். கட்டாரி ஒன்றின் முன் நின்று அதன் பிடியைக் கவனியுங்கள். இரண்டு பக்கக் கம்பிகளுக்கு இடையே குறுக்குச் சட்டம். அதை முஷ்டியால் பற்றினால் அலகு முன்கையின் நேர்கோட்டில் நீளும். அதனால் குத்துக்குத் தோளின் முழு பலமும் கிடைக்கும். ஆனால் மணிக்கட்டைச் சுழற்றி வெட்டுவது கடினம், நீளமும் போதாது. வேல்காரனுக்கு எதிரே கட்டாரியோடு நிற்பவன் முதலில் அந்த வேல்முனையைத் தாண்டி உள்ளே வர வேண்டும். உங்கள் சண்டைக் காட்சி முழுவதும் அந்த ஓரடிக்குள் இருக்கிறது.

வில்லையும் பார்த்து எழுதுங்கள். கொம்பும் நரம்பும் பசை போட்டு ஒட்டிய வில் ஈரக்காற்றில் பிரியும். இங்கே மூங்கில் வில்தான் பொருந்தும். நிமிடத்துக்கு ஆறு அம்பு எய்தால் 30 அம்பு கொண்ட தூணி ஐந்தே நிமிடத்தில் காலி. ‘நாள் முழுவதும் அம்புமழை’ என்று எழுதும்போதே அம்பு சுமந்து வருகிறவனையும் எழுதிவிடுங்கள்.

கோட்டை முற்றுகைக்குச் சிலப்பதிகாரத்தில் மதுரை மதில்மேல் இருந்ததாகச் சொல்லும் பொறிகளைப் படியுங்கள். வளைவில்பொறி, கல்லுமிழ் கவண், கொதிக்கும் எண்ணெய், மதிலைப் பற்றி ஏறுபவன் கையைக் குத்தும் ஊசி என்று நீண்ட பட்டியல். ஆனால் கவணுக்குக் கல் டெல்டாவில் ஏது? சுட்ட களிமண் உருண்டை என்று மாற்றுங்கள். அந்த ஒரு மாற்றத்தில் உங்கள் நாடு கண்முன் வந்துவிடும்.

இங்கே மண்வெட்டியும் ஆயுதம்தான் என்பதை மறக்காதீர்கள். வெள்ளக் காலத்தில் நாலு பேர் இரவில் கரையில் குறுக்கே ஓரடி ஆழத்துக்கு வெட்டிவிட்டால் போதும். மீதியைத் தண்ணீரே அறுத்துக்கொள்ளும், விடிவதற்குள் பத்து ஊர் முழுகும். பகைவர் வயலைக் கொளுத்தியதையும், அவர்கள் காத்துவந்த குளத்தில் யானையை இறக்கியதையும், கழுதை பூட்டி அவர்கள் தெருவை உழுததையும் புறநானூறு சொல்கிறது. போரை நடத்தியவர்கள் எதைக் குறிவைத்தார்கள் என்று அதில் தெரியும்.

மந்திரத்துக்கும் இதே கணக்கு. உங்கள் மந்திரவாதி ஆற்றை ஒரு மாதம் நிறுத்தினால் கடைமடையில் நாற்றங்கால் காயும், அவர் தரப்பு ஊர்களிலும் காயும். அதை எழுதாமல் தாண்டிப் போகாதீர்கள்.

கடைசியாக யானை. மேடே இல்லாத தட்டை நிலத்தில் தென்னந்தோப்புக்கு அப்பால் நடப்பது தரையில் நிற்பவனுக்குத் தெரியாது. ஆணை முரசிலும் கொம்பிலும்தான் போகும். அரசன் யானைமேல் ஏறுவது பார்க்க, அதைவிட முக்கியமாகப் பார்க்கப்பட. அதுவே ஆபத்தும்கூட. 949இல் அரக்கோணம் பக்கத்துத் தக்கோலத்தில் சோழ இளவரசர் இராஜாதித்தர் யானைமேல் இறந்தார், சோழப்படை தோற்றது. 1054இல் கொப்பத்தில் சோழ மன்னர் இராஜாதிராஜரும் யானைமேல் இறந்தார். ஆனால் அங்கே தம்பி இரண்டாம் இராஜேந்திரர் களத்திலேயே முடிசூடிப் படையைத் திருப்பி நிறுத்தி வென்றார். இரண்டு களத்திலும் யானைமேல் இருந்த தலைவர் விழுந்தார், முடிவு மட்டும் வேறு. உங்கள் மாயத்தை அந்த இடைவெளியில் வையுங்கள்: அரசன் விழுந்த கணத்துக்கும் அடுத்தவன் படையின் கண்ணில் படும் கணத்துக்கும் நடுவில்.